9.8 வந்தாக வேண்டும்: அறிவியல் முறையும் பள்ளிக்கூட அதிகாரமும்

1

ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்குகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர், பள்ளி, பையனின் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். அவன் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அன்று செய்முறை வகுப்பில் தனி ஊசல். நூலில் ஓர் உலோகக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்பது லேபுக்குள் நுழையும் முன்பே எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலான பையன்கள் ஊசலைப் பேருக்கு நாலு ஆட்டு ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 9.8 வருவதற்கு எத்தனை வினாடி இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதினார்கள். இதற்கு மாணவர் மொழியில் 'ரீடிங் போடுறது' என்று பெயர். ரீடிங் எடுப்பது வேறு, ரீடிங் போடுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத மாணவனும் இல்லை, ஆசிரியனும் இல்லை.

இந்தப் பையன் மட்டும் ரீடிங் எடுத்திருந்தான். நூல் நீளம் 40, 60, 80, 100 செ.மீ. 20 அலைவுக்கு அவனுக்குக் கிடைத்த நேரம் 26.0, 31.6, 36.4, 40.6 வினாடி. கணக்குப் போட்டதில் வந்த விடைகள் 9.34, 9.49, 9.53, 9.58. பென்சிலில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"சார், நூல் நீளமாக ஆக விடை கூடிக்கிட்டே போகுது சார். நீளத்துக்குத் தக்கன பூமி இழுக்குறது மாறுமா சார்?"

நான் தாளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. "டேய், நீ ஒழுங்கா எண்ணியிருக்க மாட்டே. 9.8 வர்ற மாதிரி போட்டுக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்றேன். அடுத்த நாள் கொண்டுவந்தான். மணி மணியான கையெழுத்தில் 9.8. சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பென்சில் தாள் மட்டும் அந்த நோட்டுக்குள்ளேயே கிடந்து எப்படியோ என்னிடம் தங்கிவிட்டது.

2

அந்தத் தாளை நான் உண்மையில் வாசித்தது சில மாதம் கழித்துத்தான். வாசித்தபோது உடம்பு கூசிப்போனது.

விஷயம் இதுதான். ஊசலின் நீளம் என்பது நூலைக் கட்டியிருக்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரைக்குமானது. பையன் முடிச்சு வரைக்கும்தான் அளந்திருக்கிறான். குண்டின் கொக்கி 1 செ.மீ., ஆரம் 1 செ.மீ. ஆக ஒவ்வொரு தடவையும் 2 செ.மீ. விட்டுப்போயிருக்கிறது. 40 செ.மீ. நூலில் இந்த 2 செ.மீ. பெரிய பங்கு. 100 செ.மீ. நூலில் அது சின்னப் பங்கு. அதனால்தான் நீளம் கூடக்கூட விடையும் ஏறிக்கொண்டே போகிறது. அவன் பார்த்த ஒழுங்கு நிஜமாகவே அங்கே இருந்தது. எண்ணுவதில் தப்புச் செய்தவனுக்கு விடைகள் தாறுமாறாக வந்திருக்கும், இப்படி வரிசைகட்டி வராது.

இன்னும் இருக்கிறது. நீளத்தை ஓர் அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தை மற்ற அச்சிலும் வைத்து அவனுடைய நாலு புள்ளிகளையும் குறித்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்தாற்போல் ஒரே நேர்கோடு. அது ஆரம்பப் புள்ளி வழியாகப் போகாமல் ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளிப் போனது. விட்டுப்போனது எவ்வளவு என்று கோடே சொல்லியது. கோட்டின் சாய்வை மட்டும் எடுத்துக்கொண்டால் விட்டுப்போன நீளம் கணக்கில் வராது. அப்படிக் கணக்கிட்டால் கிடைக்கும் விடை 9.74.

தமிழ்நாட்டில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78. அதாவது, நான் அடித்துத் திருத்தச் சொன்ன தாளில், நம்ம ஊர் மண்ணின் இழுவிசை கிட்டத்தட்டச் சரியாகவே பதிவாகியிருந்தது. நான் கையெழுத்துப் போட்ட நோட்டில் இருந்தது பாடப்புத்தகத்தின் எண்.

"மாறுமா சார்?" என்று கேட்டவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ரொம்பச் சுருக்கமானது. "தெரியலப்பா, வா பார்க்கலாம். 20 செ.மீ. நூல்ல என்ன வருதுன்னு பாரு." இதைச் சொல்லப் பெரிய படிப்போ விலை உயர்ந்த கருவியோ தேவைப்பட்டிருக்காது. 'தெரியல' என்ற சொல் ஓர் ஆசிரியன் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். அது வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

3

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1671இல் பாரிஸ் அறிவியல் கழகம் ழான் ரிஷே என்ற வானியலாளரைத் தென் அமெரிக்காவில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் கயேன் தீவுக்கு அனுப்பியது. போன வேலை செவ்வாய்க் கிரகத்தின் நிலையைக் கவனிப்பது. 1672இல் அங்கே அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் கயேனில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. சரியான நேரம் காட்ட வேண்டுமென்றால் ஊசலை 3 மி.மீ.க்கும் குறைவான ஓர் அளவு குட்டையாக்க வேண்டியிருந்தது.

3 மி.மீ. என்பது ஒன்றுமே இல்லை. வெயிலில் உலோகம் நீண்டிருக்கும், கடலில் வந்த கடிகாரம் கெட்டிருக்கும் என்று தள்ளிவிட எல்லாக் காரணமும் இருந்தது. ரிஷே மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தார். தனக்குக் கிடைத்த அளவை அப்படியே எழுதிக்கொண்டு ஊர் திரும்பினார். பாரிஸில் சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1687இல் வெளிவந்த நூலில் நியூட்டன் இந்த அளவைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் பருத்து துருவங்களில் தட்டையாக இருக்கிறது, பூமத்திய ரேகைப் பக்கம் இழுவிசை குறைவு என்ற வாதத்துக்கு அந்த 3 மி.மீ. பயன்பட்டது.

ரிஷே என் லேபில் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாரிஸ் அளவு வருகிற மாதிரி ரீடிங் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

கதையை இதோடு நிறுத்தினால் அது மேதை வழிபாடாகப் போய்விடும். ரிஷேயின் பின்னால் ஓர் அரசனின் பணமும் ஒரு கழகத்தின் பெயரும் இருந்தன. அவர் போன கயேன் ஒரு காலனி. அந்தத் தீவில் கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்த ஒருவன் அதே அளவை எடுத்திருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்? மாறுபட்ட ஓர் அளவு அறிவியல் ஆவதும் பிழை ஆவதும் அதை எடுத்தவன் யார் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. என் மாணவனின் 9.34க்கு நேர்ந்தது இதுதான். வசதியான வீட்டுப் பையன், தகப்பனார் பொறியாளர், அவன் இதே தாளோடு வந்திருந்தால் நான் கொஞ்சம் நின்று பார்த்திருப்பேனோ என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்குப் பிடித்த மாதிரி இல்லை.

4

நோக்கம், தேவையான கருவிகள், வாய்ப்பாடு, செய்முறை, காட்சிப்பதிவு, கணக்கீடு, முடிவு. நம்முடைய ரெக்கார்டு நோட்டின் தலைப்புகள் இவை. கீழ்வகுப்பில் இதையே 'அறிவியல் முறையின் படிநிலைகள்' என்று ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை என்று வரிசை மாறாமல் ஒப்பிப்பவனுக்கு முழு மதிப்பெண். வரிசை மாறினால் அரை மதிப்பெண் போச்சு.

பள்ளிக்கூடங்களுக்குள் இந்தப் படிக்கட்டு வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1910இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி, நாம் எப்படிச் சிந்திக்கிறோம் என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதர்கள் எதையாவது யோசித்துத் தீர்க்கும்போது நடப்பதை ஐந்து கட்டங்களாக அதில் பிரித்துக் காட்டினார். அவர் எழுதியது ஒரு விவரிப்பு. பின்னால் வந்த பாடநூல்காரர்கள் அதைச் சமையல் குறிப்பாக்கினார்கள். டூயியின் முதல் கட்டம் ஒரு சிக்கலை உணர்வது. ஏதோ இடிக்கிறது, ஒன்று பொருந்தவில்லை என்று ஓர் ஆள் தன் உடம்பில் உணர்வதிலிருந்துதான் மற்ற நாலும் தொடங்குகின்றன. ரெக்கார்டு நோட்டில் இந்த முதல் கட்டம் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் 'நோக்கம்' என்று அச்சிட்ட ஒரு வரி உட்கார்ந்துகொண்டது. அது யாருடைய நோக்கம்? மாணவனுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. யாருக்கும் இடிக்காத ஒரு சிக்கலுக்கு, ஏற்கெனவே தெரிந்த விடையை, வரிசைக்கிரமமாகக் கண்டுபிடிக்கிறோம். பூஜை என்று இதைச் சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

இந்தப் பூஜையில் மாணவன் கற்றுக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அதிகாரத்தில் இருப்பவர் எதிர்பார்க்கும் எண்ணைத் தெரிந்துகொண்டு, அது தன் கையால் அளந்து வந்தது போல் எழுதிக் காட்டுவது. பிற்பாடு அவன் எந்த அலுவலகத்தில் சேர்ந்தாலும் இது உதவும். கணக்கெடுப்புப் படிவம், ஆய்வறிக்கை, தணிக்கை என எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் 9.8ஐ எதிர்பார்த்துக் காத்திருப்பார். நம் நாட்டில் பொய்ப் புள்ளிவிவரத்தின் தொட்டில் பள்ளிக்கூட லேப் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

மதிப்பெண் அமைப்பும் இதற்கு உடந்தை. முன்பு 200 மதிப்பெண்ணில் 50 செய்முறைக்கு இருந்தது. 100க்கு மாற்றியபோது எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று ஆனது. எண்கள் மாறின. கையெழுத்துப் போடும் பேனா யார் கையில் இருக்கிறது என்பது மாறவில்லை. உண்மையான அளவை எழுதும் பையனுக்கு ஆபத்து, பொய் அளவை எழுதுபவனுக்குப் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டில், 'விஞ்ஞான மனப்பான்மை வளரவில்லையே' என்று பெருமூச்சு விட்டு என்ன பிரயோஜனம்?

அந்த மனப்பான்மையை நாம் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம். அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு. அது சேர்க்கப்பட்டது 1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியாக. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலம். கேள்வி கேட்டவர்கள் சிறையில் இருந்தபோது கேள்வி கேட்பது கடமையாக்கப்பட்டது. நம் பள்ளிக்கூட லேப் இந்த முரணின் சின்ன வடிவம்.

5

ஆசிரியர்களையும் அரசையும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 'நாம்' என்று நான் சொல்வது, அறிவியலை மக்களிடம் கொண்டு போகிறோம் என்று தெருவில் இறங்கியவர்களை.

1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடித்த நாள். எங்கள் பகுதியிலும் கோயில் வாசலில் கூட்டம். இரண்டு நாள் கழித்துத் தெருமுனைக் கூட்டம் போட்டோம். பரப்பு இழுவிசை, நுண்புழை ஏற்றம் என்று மைக்கில் விளக்கினேன். கிளிசரினையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் வைத்து நெருப்பு வரவழைத்து 'மந்திரம் இல்லை, தந்திரம்' என்று காட்டினோம். கைதட்டல் கிடைத்தது. கூட்டம் முடிந்து வயசான அம்மா ஒருத்தர் கிட்டே வந்தார். "ஏன் தம்பி, ஐயரு சொன்னதை நம்பாதேங்கிற, சரி. நீ சொல்றதையும் நாங்க நம்பத்தானே வேணும்?" என்றார்.

அப்போது சிரித்துச் சமாளித்தேன். இன்று யோசித்தால், எங்கள் இயக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களிலேயே கறாரானது அந்த ஒரு வாக்கியம்தான். அந்த அம்மாவின் கையில் ஒரு கரண்டியும் கொஞ்சம் கலர் கலந்த பாலும் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளையாருக்குப் பதில் ஆட்டுக்கல்லில், பித்தளைச் சொம்பின் விளிம்பில் வைத்துப் பாருங்கள், பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்று விட்டிருக்க வேண்டும். நாங்கள் மைக்கை வைத்துக்கொண்டோம். ஒரு பூசாரியின் இடத்தில் இன்னொரு பூசாரி.

இதே காலத்தில் நம் சிறுபத்திரிகைகளில் வேறொரு குரலும் கேட்டது. அறிவியலும் ஒரு பெருங்கதையாடல்தான், முறை என்பதே அதிகாரம்தான், ஃபெயராபெண்ட் 1975லேயே முறைக்கு எதிராக எழுதிவிட்டார் என்ற குரல். நானும் அப்படிப் பேசினேன், எழுதினேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒற்றை முறையைப் பின்பற்றி அறிவியல் வளரவில்லை என்பதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. ஆனால் அந்த வாதத்தை என் லேபுக்குள் கொண்டுவந்து பாருங்கள். எல்லா அளவும் வெறும் கட்டமைப்பு என்றால், புத்தகத்தின் 9.8ம் பையனின் 9.34ம் சமம் ஆகிவிடும். இரண்டும் சமம் என்றால் எது ஜெயிக்கும்? பேனா யார் கையில் இருக்கிறதோ அவருடையது. பலவீனமானவன் பலசாலியிடம் 'நீ சொல்வது தப்பு' என்று சொல்வதற்குக் கையில் ஏதாவது வேண்டும். அவன் எடுத்த அளவு, எடுத்த விதம், இன்னொருவர் எடுத்தாலும் அதே அளவு வரும் என்ற உறுதி, இவை அவனுக்குச் சாட்சி. அதையும் பறித்துக்கொண்டு அவனை எங்கே அனுப்பப்போகிறோம்?

கடலூர் சிப்காட் பகுதி மக்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். ஆலைகளிலிருந்து வரும் காற்று நாறுகிறது என்று சொன்னால் 'உங்கள் பிரமை' என்று பதில் வந்துகொண்டிருந்தது. எந்த நாற்றம், எந்த நேரம் என்று குறித்துவைக்கப் பழகினார்கள். 2004இல், ஒரு சாதாரண பக்கெட்டையும் பையையும் வைத்துச் செய்த எளிய கருவியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். காற்றில் நச்சு வேதிப்பொருள்கள் இருந்தது முடிவில் தெரிந்தது. அதற்கப்புறம் 'பிரமை' என்று சொல்ல முடியவில்லை. அறிவியல் முறையின் படிநிலைகளை அவர்களிடம் ஒப்பிக்கச் சொன்னால் ஒருவேளை ஒப்பித்திருக்க மாட்டார்கள்.

6

பள்ளிக்கூடத்துக்குள் இது நடக்குமா என்ற கேள்விக்கு நம்மிடம் கற்பனை அல்லாத ஒரு பதில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம் (இப்போது நர்மதாபுரம்). 1972இல் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராமிய மையமும் சேர்ந்து 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இல் அதை நடத்துவதற்காக ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது.

அங்கே செய்தது என்ன? புத்தகத்தில் விடை கிடையாது. செய்து பார்ப்பதற்கான குறிப்பும் கேள்விகளும் மட்டும். நாலு நாலு பிள்ளைகளாக உட்கார்ந்து விலை குறைந்த சாமான்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். தங்களுக்கு வந்ததை எழுதினார்கள், வகுப்பில் வாதாடினார்கள். ஒரே பொருளைப் பலர் அளந்தால் ஏன் பல அளவு வருகிறது என்பதே அங்கே ஒரு பாடம். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். விடையே இல்லாத புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடிக்க என்ன இருக்கிறது? சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதினார்கள். பதில் போனது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஆசிரியர் பயிற்சி. கோடை விடுமுறையில் அதே சோதனைகளை ஆசிரியர்கள் தாங்களே மாணவர்களாக உட்கார்ந்து செய்தார்கள். விடை தெரியாத கேள்வியின் முன்னால் முழிப்பது எப்படி இருக்கும் என்பதை வாத்தியார் முதலில் தன் உடம்பில் அனுபவிக்க வேண்டும். அதன் பிறகுதான் 'தெரியலப்பா, வா பார்க்கலாம்' என்ற வாக்கியம் அவர் வாயில் வரும். மாதாந்திரக் கூட்டங்களில் அவர்கள் தங்கள் வகுப்பில் நடந்ததைப் பேசிக்கொண்டார்கள். தனியாக ஓர் ஆசிரியனால் இது ஆகாது. பக்கத்து வகுப்பில் 9.8 வந்துகொண்டிருக்கும்போது தன் வகுப்பில் மட்டும் 9.34ஐ அனுமதிக்க ஆதரவு வேண்டும்.

30 வருஷம் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடியது. அப்போது அது பல மாவட்டங்களில் ஆயிரத்துச் சொச்சம் பள்ளிகளுக்குப் போயிருந்தது. மூடியபோது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். ஆக, மூடநம்பிக்கைவாதிகள் வந்து அழித்துவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மாநிலம் முழுக்க ஒரே பாடம், எல்லோருக்கும் ஒரே தேர்வு என்ற நிர்வாகத் தர்க்கத்துக்குள் அது பொருந்தவில்லை. ஏகலவ்யா என்று பெயர் வைத்தவர்களிடம் கட்டைவிரலைக் கேட்டார்கள் என்றால் கசப்பான சிரிப்புத்தான் வருகிறது.

7

தமிழ்நாட்டில் இப்போது எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. புத்தகங்கள் அழகாகியிருக்கின்றன. 2022இல் அரசுப் பள்ளிகளுக்காக வானவில் மன்றம் தொடங்கப்பட்டு வகுப்பறையில் சோதனை செய்து காட்டுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் காட்டுவதற்கும் விடுவதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. வெளியிலிருந்து வருபவர் செய்து காட்டும் சோதனை ஒருபோதும் தோற்காது. தோற்காத சோதனையிலிருந்து பிள்ளை வியப்பைக் கற்றுக்கொள்ளலாம். தன் அளவின் பக்கம் நின்று பேசும் தெம்பைக் கற்றுக்கொள்ளுமா?

ஆசிரிய நண்பர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். கருவி வரட்டும், நிதி வரட்டும், பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது. வகுப்பில் எடுத்த எல்லா ரீடிங்கையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், பெயர் இல்லாமல். பொருந்தாத எண்ணை அழிக்காதீர்கள். 'இது ஏன் இப்படி வந்திருக்கு?' என்று வகுப்பைக் கேளுங்கள். ரெக்கார்டில் 9.34க்குக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில், எங்கே 2 செ.மீ. போயிருக்கும் என்று தேடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருபவர் என்ன சொல்வார் என்று பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தை நாம் சுமக்கவில்லை என்றால் பதினாறு வயசுப் பையன் சுமப்பான்.

பென்சில் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மங்கிவிட்டது. அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. எங்கேயாவது பார்த்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ கேட்டது சரியான கேள்வி என்று சொல்ல வேண்டும். நூல் நீளமானால் பூமி இழுப்பது மாறாது, ஆனால் ஊருக்கு ஊர் மாறும், அதையும் ஓர் ஊசலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சேர்த்து.